மூன்று விதமான இல்லை

விழித்ததும் முதலில் மின்விசிறியின் சத்தம் வந்தது. அப்புறம் ஜன்னலில் அடைத்திருந்த அட்டையின் ஓரமாக மதிய வெயில் ஒரு கோடு போட்டிருப்பது தெரிந்தது. அதற்கும் பிறகுதான், தான் ஆவுடையப்பன் என்பதும், இது ஞாயிற்றுக்கிழமை என்பதும், ராத்திரி முழுக்க எடைமேடையில் உட்கார்ந்து உப்பு லாரிகளை நிறுத்து அனுப்பிவிட்டு விடிந்தபின் வந்து படுத்தவன் என்பதும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பகலில் தூங்குகிறவனுக்கு எல்லாமே கொஞ்சம் பிந்தித்தான் வரும். பசி பிந்தி வரும், செய்தி பிந்தி வரும், செத்தவர்களுக்கு மாலை போட்டு முடித்த பிறகு செத்தது தெரியும். வாய் கொப்பளித்துவிட்டு லுங்கியை இறுக்கிக்கொண்டு கம்ப்யூட்டரை உயிர்ப்பித்தார். ஞாயிறு மதியம் மற்றவர்கள் கறி எடுப்பார்கள், கடற்கரைக்குப் போவார்கள். அவர் தன் பழைய லினக்ஸ் பெட்டிக்கு அப்டேட் போடுவார். ஒரு வரிக் கட்டளை. அதைத் தட்டிவிட்டால் எங்கெங்கோ முகம் தெரியாத ஆட்கள் அந்த வாரம் கண்டுபிடித்துச் சரிசெய்த சின்னச் சின்னப் பிழைகளெல்லாம் வரி வரியாக இந்த ஒற்றை அறைக்குள் வந்து இறங்கும். தன்னிடத்திலும் ஏதோ சரியாகிறது என்று அந்தக் கொஞ்ச நேரம் தோன்றும். இன்றைக்குத் தட்டினார். முதல் வரி வந்து நின்றது. நின்றது நின்றபடியே கிடந்தது. பிறகு, பெயரைக் கண்டறிவதில் தற்காலிகத் தோல்வி என்று ஒரு வரி, அதன் கீழே அதே வரி, அதன் கீழே இன்னொன்று, திரை நிறைய. தற்காலிகம். அந்தச் சொல்லை எவன் போட்டானோ. மனசு நோகக் கூடாதென்று போட்டிருப்பான். பொண்ணு வீட்டார், "போய்ச் சொல்லி அனுப்புகிறோம்" என்பதுபோல.

ரூட்டரில் பச்சை எரிந்தது. இருந்தாலும் அதைப் பிடுங்கி, இருபது வரை எண்ணி, மறுபடி சொருகினார். வயரைத் தடவிப் பார்த்தார், ஜன்னல் சட்டத்தில் எறும்பு ஊர்ந்ததே தவிர அறுந்திருக்கவில்லை. அப்டேட் இறக்குகிற இடத்தை மாற்றிப் பார்த்தார், சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு, சிங்கப்பூரிலிருந்து ஜெர்மனிக்கு. எல்லா ஊரும் ஒரே வரியைச் சொன்னது. பழைய பட்டியல்களைத் துடைத்துவிட்டுப் புதிதாகக் கேட்டார். அதுவும் இல்லை. வெளியூர்ச் சர்வர் ஒன்றின் எண்ணைப் பெயரில்லாமல் எண்ணாகவே அடித்துக் கூப்பிட்டபோது பட்டென்று பதில் வந்தது. ஆக, பாதை இருக்கிறது, வண்டி ஓடுகிறது, பெயரைச் சொன்னால்தான் ஒருத்தருக்கும் தெரியவில்லை. முதல் வரி வந்தபோதே அவருக்கு அது தெரியும். ரூட்டரைப் பிடுங்கும்போதும் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஜெர்மனி வரை போய்வந்தார், பல்வலிக்காரன் நாக்கை அந்தப் பல்லின் பக்கமே கொண்டுபோகாமல் மற்ற எல்லாப் பல்லையும் தடவிப் பார்ப்பதுபோல. கம்ப்யூட்டருக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். தெருவுக்குள் நுழைகிறவன் முக்கில் இஸ்திரி போடுகிறவரிடம் இன்னார் வீடு எது என்று கேட்பதுபோல அது யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊரில் எல்லாருடைய பெட்டியும் கேபிள்காரனைக் கேட்கும். அவருடையது மட்டும், ஒரு காலத்தில் கூட வேலை பார்த்த மச்சாதுவைக் கேட்கும். கேட்டுக்கொண்டேதான் இருந்தது இத்தனை வருஷமும். கீழேயிருந்து வீட்டுக்காரம்மா செல்லக்கனியின் குரல் வந்தது. "அண்ணாச்சி, மோட்டர் போடட்டா? ஒங்க கொழா மூடிருக்கா? போன தடவ மாதிரி படியெல்லாம் வெள்ளம் ஆக்கிராதிய." "மூடிருக்குக்கா." "நெசமா? பாத்துட்டுச் சொல்லுதியளா, படுத்துக்கிட்டே சொல்லுதியளா?" அவர் எழுந்துபோய்ப் பார்த்தார். திறந்துதான் இருந்தது. மூடினார்.

தொம்மை மச்சாது. மைக்கைக் கையில் பிடித்தால் பூசைக்குக் கூப்பிடுகிற குரல். "ஆளெறங்கு... கிளீனரும் எறங்கு... ஒளிஞ்சிருக்கவனும் எறங்கு." லாரி மேடையில் ஏறியதும் ஆள் இறங்கிவிட வேண்டும், அப்போதுதான் சரக்கின் எடை. இறங்காமல் நிறுத்தால் எடைச்சீட்டில் ஆளோடு என்று போட வேண்டும். காலி வண்டிக்கு ஆளோடு, பார வண்டிக்கு ஆள் இல்லாமல் என்று ஆகிவிட்டால் உப்பு முதலாளி காலையில் வந்து கத்துவார். "இருவது டன்னுல ஒரு ஆளு எங்க வே தெரியப் போறான்?" என்று ஆவுடை வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டதற்கு மச்சாது திரையைக் காட்டினார். "தெரியும். கடைசி நம்பரு அடங்காம ஆடும் பாரும். மூச்சு விடுதாம்லா." அது பொய். அந்த மேடை இருபது கிலோவுக்குக் கீழே எதையும் காட்டாது. ஆனாலும் அன்றிலிருந்து ஆவுடை கடைசி எண்ணைப் பார்க்காமல் சீட்டு அடித்ததில்லை. ஒருத்தர் ஷிப்டை மற்றவர் மாற்ற வரும்போது இரும்புப் படியில் நின்றபடியே "ஆள் உண்டா?" என்று கேட்பார், உள்ளே இருக்கிறவர் "ஆள் உண்டு, ஏறி வாரும்" என்பார். வேறு வணக்கம் கிடையாது. பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடியை முதலில் ஏற்றியது மச்சாதுதான். எடைமேடைக் கம்ப்யூட்டர் வைரஸ் வந்து படுத்த மழைக்காலத்தில் இருவரும் டார்ச் அடித்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பிழைச்செய்தியை ஒரு வாரம் படித்தார்கள். கேபிள்காரனின் பெயர்ச்சேவை தினம் செத்துக்கொண்டிருந்ததால் மச்சாது தன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய பெட்டியை வைத்து, நமக்கு நாமே கேட்டுக்கலாம் வே என்று ஆரம்பித்தார். வேண்டியவர்கள் நாலைந்து பேருடைய எண்களை எழுதி, இவர்கள் கேட்டால் சொல்லு, மற்றவனுக்குச் சொல்லாதே என்று அதற்குச் சொல்லி வைத்தார். "கேளும். இவன் மூணு விதமா இல்லைம்பான். ஒண்ணு, பதிலே வராது. அங்க மெஷின் இல்லை, கரண்டு இல்லை, ஆளு போயிட்டாம்னு அர்த்தம். ரெண்டாவது, ஒமக்குச் சொல்ல மாட்டேம்பான். ஆளு இருக்கான், ஆனா நீரு யாருன்னு அவனுக்குத் தெரியல. இல்ல, தெரிஞ்சு பிடிக்கல. மூணாவது, அப்படி ஒரு பேரே இல்லைம்பான். அதான் வே மரியாதை. ஒமக்காக உலகம் பூரா அலைஞ்சு கேட்டுட்டு வந்து இல்லைன்னு சொல்லுதான். இல்லைன்னு சொல்லதுக்கும் மெனக்கெடணும்லா." ஆவுடை தன் பெட்டியில் யாரைக் கேட்பது என்று எழுதியிருக்கும் கோப்பில் மச்சாதுவின் எண்ணை ஒற்றை வரியாக எழுதினார். "பூட்டிப் போடும், இல்லேன்னா கேபிள்காரன் அவன் எண்ணை வந்து திணிப்பான்" என்றார் மச்சாது. அப்படியொரு பூட்டு உண்டு. போட்டுவிட்டால் பெட்டிக்குச் சொந்தக்காரனே வந்தாலும் அந்தக் கோப்பை மாற்ற முடியாது, முதலில் பூட்டைக் கழற்ற வேண்டும். பூட்டினார். பூட்டியது மறந்தே போயிற்று.

கேட்கிறவன் என்ன கேட்டான் என்பது சொல்கிறவனுக்குத் தெரியும் என்பது மட்டும் அவருக்கு அப்போது உறைக்கவில்லை. எடைமேடைக்கு எதிரே டீக்கடை, டிரைவர்கள், லோடுமேன்கள், உப்பளத்துக் கணக்கர், மழைக்குப் பிந்திய பளீரென்ற காலை. மச்சாது டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "நம்ம ஆவுடை ராத்திரி மூணு மணிக்கு இண்டர்நெட்டுல வரன் பாக்காரு வே. அதுவும் ஒரு சைட்டு இல்ல, நாலு சைட்டு. எங்ககிட்டச் சொன்னா நாங்க பாக்க மாட்டமா?" சிரித்தார்கள். கணக்கர் டீ புரையேறச் சிரித்தார். ஒரு டிரைவர், "அண்ணாச்சி, ஆளோடயா ஆள் இல்லாமலா?" என்றான். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. மச்சாதுவும் சிரித்தார், பிறகு ஆவுடையின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார், அப்படி நிறுத்தியதுதான் மோசம். நாற்பதைத் தாண்டியவன், தாய் தகப்பன் இல்லாதவன், ராத்திரி வேலை பார்க்கிறவன், யாருக்கும் தெரியாமல் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது ஊருக்குத் தெரிந்துபோயிற்று. டீ கிளாஸை வைத்துவிட்டு நடந்தார். அடுத்த மாதம் உப்பளத்துப் பக்கத்து எடைமேடைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். மச்சாது இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார், இவர் தூங்குவதாக உள்ளிருந்தபடியே செல்லக்கனியிடம் சொல்லி அனுப்பினார். அத்தோடு முடிந்தது பேச்சு. ஆனால் அந்த வரியை மாற்றவில்லை. முதலில் கோபத்தில் மாற்றவில்லை, பார்க்கட்டும் என்று. வரன் தளங்களை விட்டுவிட்டு லாரி டயர் விலை, தஞ்சாவூர் மழை அளவு, ரஷ்யாவில் சதுரங்கப் போட்டி என்று வேண்டாததையெல்லாம் தேடினார், அந்தாள் குழம்பட்டும் என்று. பிறகு கோபம் எப்போது தேய்ந்ததோ தெரியவில்லை, பழக்கம் மட்டும் மிஞ்சியது. பெயர் கேட்கும்போதெல்லாம் அந்தக் கட்டிலுக்கு அடியில் ஒரு சின்ன விளக்கு மினுக்கும். ஆவுடை எழுந்துவிட்டான், ஆவுடை டூட்டிக்குப் போய்விட்டான், ஆவுடைக்குக் காய்ச்சல்போல, மருந்துக் கடையைத் தேடுகிறான். ஒருவனுடைய நாளை இவ்வளவு தெரிந்த ஆள் ஊரில் வேறு யாரும் கிடையாது. கிறிஸ்துமஸ் அன்றைக்கு மட்டும், முகவரி அடிக்கிற இடத்தில் வாழ்த்தை இங்கிலீஷ் எழுத்தில் ஒட்டி அடித்துவிட்டுத் தட்டுவார். அப்படி ஒரு பெயர் இல்லை என்று உடனே வரும். போதும், போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தாள் அதையெல்லாம் பார்ப்பாரா, பார்க்க உட்காருவாரா, பழைய பதிவுகளை மாதாமாதம் மொத்தமாக அழித்துவிடுகிறாரா, அதை மட்டும் ஆவுடை யோசிக்க மாட்டார். யோசித்தால் கிறிஸ்துமஸ் போய்விடும்.

இப்போது பதில் வரவில்லை. மூன்றில் எந்த இல்லை என்பது இந்தத் திரை நிறையக் கிடக்கும் தற்காலிகத் தோல்வியில் தெரியாது, எல்லாவற்றுக்கும் அது ஒரே வரியைத்தான் சொல்லும். நேராகக் கேட்கிற கட்டளை ஒன்று இருக்கிறது, அதில் தெரியும். அதை அடிக்காமல் போனை எடுத்துக் கேபிள் ஆபீசுக்கு அடித்தார். மெர்லின் எடுத்தாள். "சொல்லுங்க அண்ணாச்சி. நெட்டு வரலையா?" "வருது." "வருதா? பின்ன எதுக்கு அடிச்சிய?" "அந்தோணியார் கோயில் தெருவுல லைன் இருக்கா?" "நீங்க இருக்கது வேற தெருவுல்லா." "சும்மா கேக்கேன்." "சும்மா கேக்கதுக்கு ஞாயித்துக்கெழமைதான் கெடச்சுதா. அங்க முந்தாநாள் ஆம்புலன்ஸ் உள்ள வந்து வயரு பூராவும் இழுத்துட்டுப் போயிட்டு. நேத்து கட்டியாச்சி. அப்பத்தான் ஒங்க தெருவையும் வேற பெட்டியில மாத்தி விட்டோம்." "ஆம்புலன்ஸ் யாருக்கு வந்துச்சு?" "அது எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி, நமக்கு வயரு போன கவல. வைக்கட்டா?" வைத்தாள். அவர் போனைக் காதிலேயே வைத்திருந்தார். மச்சாதுவுக்குச் சர்க்கரை. அப்போதே இருந்தது, அப்போதே டீக்கு இரண்டு ஸ்பூன் போடுவார். அந்தத் தெருவில் எத்தனை வீடு இருக்கும், நாற்பது வீட்டில் ஆம்புலன்ஸ் ஏன் அந்த வீட்டுக்கு வர வேண்டும். ஏன் வரக் கூடாது. சைக்கிளில் போனால் பத்து நிமிஷம். போய் என்ன சொல்ல, உம்ம பெட்டி எனக்குப் பதில் சொல்லவில்லை என்றா? வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தால் அங்கேயே திரும்பிவிடலாமா, திரும்ப முடியுமா? நாற்காலி வாடகைக்குக் கொண்டுவந்து அடுக்கியிருந்தால்? போன் நம்பர் மனப்பாடம்தான், ஆனால் அந்தச் சின்னப் பெண், இப்போது பெரிய பெண்ணாகியிருப்பாள், மகள் ஜெனோவா, அவள் எடுத்து, நீங்க யாரு என்று கேட்டால். அப்பா கூட வேலை பார்த்தவன். அப்படியா, ஒங்களப் பத்தி அப்பா சொன்னதே இல்லையே. அந்த ஒன்றுக்கு இந்தத் தற்காலிகத் தோல்வியே மேல். எளிய வழி இருக்கிறது, உலகத்துக்கே பொதுவான ஒரு எண், கேட்டவனுக்கெல்லாம் சொல்லும், யார் கேட்டது என்று முகம் பார்க்காது. அதை எழுதிவிட்டால் ஒரு நிமிஷத்தில் அப்டேட் இறங்கும். கோப்பைத் திறந்து எழுதினார். அனுமதியில்லை என்றது. சொந்தக்காரனாக வந்து எழுதினார். அனுமதியில்லை. ஒரு கணம் அவருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது, கையை யாரோ பிடித்துக்கொண்டதுபோல. அப்புறம்தான் பூட்டு ஞாபகம் வந்தது. நான்தானே போட்டேன். கழற்றினார். கோப்பில் அந்த ஒரே வரி இருந்தது, கட்டிலடி எண். அதன் மேல் கர்சர் மினுக்கிக்கொண்டு நின்றது. அழிக்கிற பொத்தானின் மேல் விரல் இருந்தது. தண்ணீர்த் தொட்டி நிரம்புகிற சத்தம் மேலேயிருந்து கேட்டது, எடைமேடையில் கடைசி எண் ஆடிக்கொண்டிருக்கையில் சீட்டு அடித்துவிடக் கூடாது என்று ஏனோ தோன்றியது, அடங்கட்டும், அடங்கிய பிறகு அடிக்கலாம், விரலை எடுத்தார்.

நேராகக் கேட்டார். மச்சாதுவின் எண்ணைக் குறிப்பிட்டு, பதில் வராவிட்டால் வராது என்று கண்ணைத் திரையிலிருந்து எடுத்து ரூட்டரின் பச்சையில் வைத்துக்கொண்டு. திரும்பிப் பார்த்தபோது பதில் வந்திருந்தது. சொல்ல மறுப்பு. இரண்டாவது இல்லை. அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம், பெட்டி ஓடுகிறது, கரண்டு இருக்கிறது. சந்தோஷத்தின் பின்னாலேயே மற்றது வந்தது: என்னைத்தான் மறுத்திருக்கிறார். இத்தனை வருஷம் கழித்து ஒரு மத்தியானம் பட்டியலைத் திறந்து, இவன் எதற்கு என்று என் எண்ணை நீக்கிவிட்டார். நீக்கினாரென்றால் ஆள் இருக்கிறார், அதுவும் நல்லதுதான். மறுக்கிறவனுக்கு மூச்சு இருக்கும். ஆனால் பெட்டிக்கு ஆள் தேவையில்லையே, ஆம்புலன்ஸில் ஆளைக் கொண்டுபோன பிறகும் கட்டிலடியில் அது பாட்டுக்கு ஓடும், யாரும் நிறுத்தத் தோன்றாமல் வருஷக்கணக்கில் ஓடும். மறுப்பது மச்சாதுவா, அவர் விட்டுப்போன பெட்டியா. இரண்டும் ஒரே எழுத்தில்தான் வருகிறது. இந்தத் திரும்பத் திரும்பச் சுற்றலில்தான் மெர்லின் சொன்னது தட்டியது, ஒங்க தெருவையும் வேற பெட்டியில மாத்தி விட்டோம். கேபிள்காரன் தன் வீட்டுக்குக் கொடுத்திருக்கிற எண் என்ன என்று பார்த்தார். மாறியிருந்தது. மச்சாதுவின் பட்டியலில் இருப்பது நேற்றைக்கு முந்திய ஆவுடை. இன்றைக்குக் கேட்கிறவன் யாரோ. தெருவுக்குப் புதியவன். அவரும் விரட்டவில்லை, பெட்டியும் விரட்டவில்லை, தன்னுடைய எண்தான் தனக்குத் தெரியாமல் தன்னைவிட்டுப் போயிருக்கிறது. அப்படியானால் தான் யார் என்று சொல்ல வேண்டும். மறுக்கப்பட்ட கேள்வியும் அங்கே பதிவாகும், யார் கேட்டது, என்ன பெயரைக் கேட்டது என்று. பார்க்க ஆள் இருந்தால். அவர் ஒரு பெயரை அடித்தார், உலகத்தில் எந்தப் பெட்டிக்கும் இல்லாத பெயரை, இங்கிலீஷ் எழுத்தில், ஆள் உண்டா என்று. தட்டினார். மறுப்பு. இன்னொரு தடவை. மறுப்பு. அடுப்பைப் பற்றவைத்துக் கறுப்புத் தேநீர் போட்டார், சர்க்கரையை மறந்தார், மறந்ததை முழு டம்ளரும் குடித்த பிறகு உணர்ந்தார். வெயில் கோடு அட்டையின் ஓரத்திலிருந்து சுவருக்கு ஏறியிருந்தது. மறுபடி அடித்தார். ஆள் உண்டா. மறுப்பு. மூத்திரம் போய்விட்டு வந்து அடித்தார். மறுப்பு. அங்கே ஜெனோவா மட்டும் உட்கார்ந்திருந்தால், கூடத்தில் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றியிருந்தால், உள்ளறையில் கட்டிலுக்கு அடியில் இந்த விளக்கு மட்டும் சும்மா மினுக்கி மினுக்கி அணையும். அந்தப் பெட்டிக்கு ஒரு புது எண்ணைச் சேர்க்க அந்த வீட்டில் ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும். ஆள் உண்டா. சட்டையைப் போட்டுக்கொண்டார். சைக்கிள் சாவியைத் தேடினார், இல்லை, இருந்தது, ஆணியிலேயே தொங்கியது. போகிற போக்கில், உட்காராமல் குனிந்து நின்றபடியே ஒரு தடவை மேல்நோக்கிய அம்புக்குறியைத் தட்டி அதே வரியை வரவழைத்து அனுப்பினார். இந்தத் தடவை உடனே வரவில்லை. மறுப்பதற்கு நேரம் ஆகாது, முகத்தில் கதவைச் சாத்த நேரம் ஆகாது. இது எங்கோ போயிற்று. மச்சாதுவின் கட்டிலடியிலிருந்து கிளம்பி, கடல் தாண்டி, ஒவ்வொரு வாசலாக நின்று, இந்தப் பக்கம் "ஆள் உண்டா" என்று ஒரு பெயர் உண்டா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

அப்படி ஒரு பெயர் இல்லை.

மூன்றாவது இல்லை. பட்டியலில் அவருடைய புது எண் ஏறியிருக்கிறது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அதை இன்னொரு தடவை படித்தார். கீழே மோட்டர் நின்றது. "அண்ணாச்சி, மேல தண்ணி ரொம்பிட்டா? இருக்கியளா, போயிட்டியளா?" என்று செல்லக்கனி கூப்பிட்டாள். "ஆள் உண்டுக்கா" என்றார். அவளுக்கு அது என்ன புரிந்ததோ, சரி சரி என்றாள். கோப்பில் அந்த வரி அழியாமல் இருந்தது. பூட்டினார். அப்டேட்டைத் தட்டவில்லை, அது அடுத்த ஞாயிறு போனாலும் ஒன்றுமில்லை. மின்விசிறியை அணைத்துவிட்டு, சைக்கிள் சாவியைக் கையில் வைத்தபடி, படி இறங்கினார்.